மூன்று நிமிடக் குளுக்கோஸ், பத்து நிமிடப் பதில்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் மகளுக்கு 14 வயது. ஏழு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். அவள் தம்பிக்கு இப்போது 9 வயது, எடை 30 கிலோ. அக்காவுக்கு இருப்பதால் இவனுக்கும் ரத்தத்தில், கணையத்தின் இன்சுலின் செல்களைக் குறிவைக்கும் எதிரணுக்கள் (ஆன்டிபாடி) இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இரண்டு வகை எதிரணுக்கள் பாசிட்டிவ் என்று வந்தது. ஆனால் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துச் செய்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் 86, இரண்டு மணி நேரம் கழித்து 118. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 5.2. எல்லாம் நார்மல் என்றார்கள். இப்போது டாக்டர், நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி இன்னொரு பரிசோதனை செய்யலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரை வந்துவிடுமோ என்று அஞ்சுகிற பையனுக்குச் சர்க்கரையை நேராக ரத்தத்திலேயே ஏற்றலாமா? என் மாமனாருக்கு ஒரு தடவை குளுக்கோஸ் பாட்டில் போட்டு, சர்க்கரை 400ஐத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே குடித்துப் பார்த்தாயிற்றே, மறுபடி எதற்கு? ரிசல்ட் மோசமாக வந்தால் இவனுக்கும் உடனே இன்சுலின் போட வேண்டுமா? அவனிடம் என்ன சொல்லி அழைத்துப் போவது என்றே தெரியவில்லை. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், சகோதரி. இந்தப் பயத்தில் பாதி கணக்கிலேயே கரைந்துவிடும்.

இந்தப் பரிசோதனையில் பொதுவாகக் கிலோவுக்கு அரை கிராம் குளுக்கோஸ் கொடுப்போம். ஆள் எவ்வளவு எடை இருந்தாலும் 35 கிராமுக்கு மேல் போவதில்லை. உங்கள் மகனுக்கு 15 கிராம் வரும். 25 சதவீதக் குளுக்கோஸ் கரைசலில் அது 60 மில்லிதான். அன்று குடிக்கவைத்தார்களே, அந்தத் தண்ணீரில் எவ்வளவு இருந்தது தெரியுமா? குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 1.75 கிராம் கணக்கு. ஆக 52 கிராமுக்குச் சற்று மேல். அதைச் சமாளித்து இரண்டு மணி நேரத்தில் 118க்குக் கொண்டுவந்து நிறுத்திய உடம்புக்கு, இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் வேகம் வேறு. குடித்தது வயிற்றிலிருந்து குடலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பரவி ரத்தத்தில் சேர்கிறது. இந்த 15 கிராமோ மூன்றே நிமிடத்தில் உள்ளே போகிறது. முப்பது கிலோ பையனின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் சாதாரண நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 2 கிராம்தான். அதனால் ஊசி முடிந்த கையோடு அளந்தால் அளவு 300ஐ ஒட்டி, சில சமயம் அதையும் தாண்டி நிற்கும். அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் பதறக் கூடாது என்பதற்காகத்தான் இப்போதே சொல்கிறேன். அது பையனின் நோயைக் காட்டும் எண் அல்ல, நாம் ஏற்றிவிட்ட எண். ஆரோக்கியமான கணையம் இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். இந்தச் சிறு ஏற்றத்தால் கணையம் கெட்டுப்போவதில்லை. வர இருக்கும் நோயை இது முன்கூட்டி இழுத்து வருவதும் இல்லை.

உங்கள் மாமனார் கதை வேறு. உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவருக்குக் காய்ச்சலும் நோயின் அழுத்தமும் சேர்ந்து சர்க்கரையைத் தாமாகவே ஏற்றும். ஐந்து சதவீதக் குளுக்கோஸ் என்றால் அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் இருக்கும். ஈடுகொடுக்க இன்சுலின் இல்லாத உடம்பில் அப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டில்கள் இறங்கினால் 400 வருவதில் வியப்பில்லை. அங்கே குளுக்கோஸ் சிகிச்சையாகப் போனது. இங்கே அது ஒரு கேள்வியாகப் போகிறது.

நடுவில் ஒரு சொல்லைப் பற்றி. ‘நரம்பு ஊசி’, ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று மருத்துவமனையில் நாங்களே சொல்கிறோம், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் ஊசி போவது நரம்பில் அல்ல, சிரையில். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாயில். பையனிடம் ‘ரத்தக்குழாய்’ என்றே சொல்லுங்கள். நரம்பில் குத்துவார்கள் என்று கேட்டு, கை மரத்துப் போய்விடும் என்று நினைத்து இரவெல்லாம் தூங்காமல் கிடந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கடிதத்திலேயே நல்ல கேள்விக்கு வருகிறேன்: குடித்துப் பார்த்தாயிற்றே, மறுபடி எதற்கு?

குடிக்கும் பரிசோதனையில் கணையம் தனியாக விடை எழுதுவதில்லை. பக்கத்தில் குடல் உட்கார்ந்து விடை சொல்லிக் கொடுக்கிறது. குளுக்கோஸ் குடலைத் தொட்டதும் அங்கிருந்து ஜிஎல்பி-1, ஜிஐபி என்று இரண்டு ஹார்மோன்கள் ரத்தத்தில் கலக்கின்றன. ‘சர்க்கரை வந்துகொண்டிருக்கிறது, தயாராகு’ என்று அவை கணையத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்புகின்றன. இது எவ்வளவு பெரிய உதவி என்பது 1964இல் தெளிவாகத் தெரிந்தது. மெக்கின்டயர், ஹோல்ட்ஸ்வொர்த், டர்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் குளுக்கோஸைக் குடலுக்குள் செலுத்தியும் சிரைக்குள் செலுத்தியும் இன்சுலினை அளந்து பார்த்தார்கள். குடல் வழியாகப் போனபோது இன்சுலின் வெகுவாகக் கூடியது. அதன் பிறகு வந்த கணக்குகளின்படி, ஆரோக்கியமானவர் குளுக்கோஸ் குடித்ததும் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேல் குடலின் இந்தத் தூண்டுதலால் வருவது. ஜிஎல்பி-1ஐப் போலவே வேலை செய்யும் ஊசிகள் இன்று எடைக்கும் சர்க்கரைக்கும் பரவலாகப் போடப்படுகின்றன. அவற்றின் வேர் இங்கேதான்.

குடல் ஒன்று, வயிறு இன்னொன்று. வயிறு எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். பாதி குடித்துவிட்டு வாந்தி எடுக்கிற குழந்தைகளும் உண்டு. ஆகவே 118 என்ற உங்கள் மகனின் எண், வயிறு, குடல், கணையம், ஈரல், தசை ஆகிய ஐந்தும் கூட்டாக எழுதிய விடைத்தாள். கூட்டு விடை சரியாக இருக்கிறது, சந்தோஷம். ஆனால் அதில் கணையத்தின் கையெழுத்து எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. சிரை வழியாகக் கொடுத்தால் வயிறும் குடலும் ஒதுங்கிக்கொள்கின்றன. கணையம் தனியாக மாட்டிக்கொள்கிறது.

அப்போது அது என்ன செய்கிறது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பரிசோதனையின் உயிரே இங்கேதான்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குள் இன்சுலின் சிறுசிறு பொதிகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒரு சிறு பங்கு செல்லின் ஓரத்திலேயே, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவர்களைப் போலத் தயாராக நிற்கும். மற்றவை உள்ளே இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் குளுக்கோஸ் திடீரென்று ஏறியதும் அது செல்லுக்குள் நுழைகிறது, எரிகிறது. எரிந்து வரும் ஆற்றல், செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்களை மூடுகிறது. அதனால் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் வந்த நொடியில் வாசலில் நின்ற பொதிகள் ரத்தத்தில் கொட்டிவிடுகின்றன. இதை ‘முதல் கட்டச் சுரப்பு’ என்கிறோம். குளுக்கோஸ் போன ஓரிரு நிமிடத்தில் தொடங்கி, மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு உள்ளே இருந்தவர்கள் மெதுவாக வெளியே வருவது இரண்டாம் கட்டம்.

குடிக்கும் பரிசோதனையில் சர்க்கரை நிதானமாக ஏறுவதால் இந்த முதல் பாய்ச்சல் தனித்துத் தெரியாது. சிரையில் சட்டென்று ஏற்றினால்தான் கூரிய சிகரம் மாதிரி எழுந்து நிற்கும். பீட்டா செல்கள் குறையத் தொடங்கும்போது முதலில் மழுங்குவதும் அந்தச் சிகரம்தான். டைப் 1 நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் நார்மலாகவே இருக்கும்போது, முதல் கட்டச் சுரப்பு இறங்க ஆரம்பித்திருப்பதை, எதிரணுக்கள் உள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் டாக்டர் தேடுவது இதைத்தான். நார்மல் என்ற சொல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறார்.

பெரியவர்களுக்கு வரும் டைப் 2விலும் இந்தச் சிகரம் காணாமல் போகும். வெறும் வயிற்றில் 115ஐத் தாண்டியவர்களிடம் குளுக்கோஸுக்கான இந்த உடனடிச் சுரப்பு ஏறத்தாழ இல்லாமலே போயிருப்பதை 1976இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரை நோயாளி என்று சொல்லும் 126க்கு இன்னும் தூரம் இருக்கும்போதே! எனக்கு அன்றும் இன்றும் வியப்புத் தருகிற தகவல் இது.

ஒரு காலத்தில் இன்சுலினை அளக்கவே வழியில்லை. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960இல் அதற்கான முறையை வெளியிட்ட பிறகுதான் முடிந்தது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான். அதற்கு முன்பு சிரையில் குளுக்கோஸ் ஏற்றியவர்கள், அது எவ்வளவு வேகத்தில் மறைகிறது என்று மட்டும் கணக்குப் போட்டார்கள். அந்த எண்ணுக்குக் கே மதிப்பு என்று பெயர். பத்தாம் நிமிடத்தில் 280 இருந்து 56ஆம் நிமிடத்தில் 140 ஆனால், பாதியாக 46 நிமிடம் ஆகியிருக்கிறது; அப்படியானால் நிமிடத்துக்கு 1.5 சதவீதம் வேகத்தில் மறைகிறது என்று பொருள். ஒன்றுக்குக் கீழே போனால் மந்தம். உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இதுவும் இருக்கலாம், ஆனால் அவன் விஷயத்தில் நாம் பார்க்க வேண்டியது இன்சுலினைத்தான்.

டாக்டரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இது குறுகிய பரிசோதனையா, நீண்டதா? குறுகியதில் பத்து நிமிடம் வரை ரத்தம் எடுப்பார்கள்; முன்தயாரிப்பையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் முடியும். நீண்டது மூன்று மணி நேரம் ஓடும். அதில் குளுக்கோஸ் கிலோவுக்கு 0.3 கிராம், இருபதாம் நிமிடத்தில் கொஞ்சம் இன்சுலினையும் சிரையில் கொடுப்பது உண்டு. பெர்க்மன், கோபெல்லி ஆகியோர் 1979இல் வகுத்த கணித மாதிரியைக் கொண்டு, இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்பதோடு உடம்பு அந்த இன்சுலினுக்கு எவ்வளவு செவிசாய்க்கிறது என்பதையும் பிரித்துச் சொல்லும் முறை அது. பெரும்பாலும் ஆராய்ச்சிக்கானது. எதிரணு உள்ள குழந்தைக்குக் குறுகியதே போதும் என்பது என் கருத்து. நீண்டதுதான் என்றால், நடுவில் இன்சுலின் கொடுப்பார்களா, சர்க்கரை இறங்கினால் யார் கவனிப்பார்கள் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

தயாரிப்பு பற்றி. முந்தைய மூன்று நாளும் பையன் வழக்கமாகச் சாப்பிடுவதைக் குறைக்கக் கூடாது. நாளுக்கு 150 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இதில்தான் தாய்மார்கள் தவறு செய்கிறார்கள். பரிசோதனை வருகிறதே என்று சோறு, இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, பிள்ளையை அரை வயிறாக வைத்து அழைத்து வருவார்கள். அப்படிப் பட்டினி கிடந்த கணையம் சோம்பிப்போய்க் குறைவாகச் சுரக்கும். இல்லாத நோய் இருப்பதாகத் தோன்றும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து மணி நேரமாவது தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். காலையில் ஓட்டம் ஆட்டம் வேண்டாம். கடந்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல் வந்திருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். வீசிங்குக்கு இன்ஹேலரோ, ஸ்டீராய்டு மருந்தோ எடுக்கிறான் என்றால் மறக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அன்று இரண்டு கையிலும் ஒவ்வொரு கேனுலா (சிரைக்குள் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) போடுவார்கள். ஒரு கை குளுக்கோஸ் போக, மறு கை ரத்தம் எடுக்க. ‘ஒரு குத்தோடு முடிக்க முடியாதா?’ என்று கேட்காத பெற்றோர் இல்லை. முடியாது. பல வருடம் முன்பு எனக்கு ஒரு ரிப்போர்ட் வந்தது. மூன்றாம் நிமிடக் குளுக்கோஸ் 900க்கு மேல்! பெற்றோர் வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தால், குழந்தை அழுகிறதே என்று இரக்கப்பட்டு, குளுக்கோஸ் ஏற்றிய அதே கேனுலாவிலிருந்தே ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். குழாயில் ஒட்டிக்கொண்டிருந்த கரைசலை அளந்து நோயாக எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழந்தைக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. இரண்டு குத்துக்குப் பயந்து மூன்று குத்து.

குளுக்கோஸ் ஏற்றும் முன் சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு குளுக்கோஸை மூன்று நிமிடத்தில், பதினைந்து நொடிக்கு மேல் முன்பின் ஆகாமல், சீராகச் செலுத்துவார்கள். முடிந்த நொடிதான் பூஜ்ஜியம். அங்கிருந்து 1, 3, 5, 10 ஆகிய நிமிடங்களில் ரத்தம். எதிரணு உள்ளவர்களுக்காக 1992இல் வகுக்கப்பட்ட பொது முறை இப்படித்தான் சொல்கிறது. சிகரம் எழுந்து சரிவதே சில நிமிட விவகாரம் என்பதால், மூன்றாம் நிமிட ரத்தத்தை நாலரையில் எடுத்தால் அது மூன்றாம் நிமிடக் கணக்கில் சேராது. நல்ல மையத்தில் ஒருவர் கையில் கடிகாரத்தோடு உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படி ஒருவரைப் பார்த்தால் நிம்மதியாக இருங்கள்.

எடுத்த ரத்தத்தை வைத்துக்கொள்வதிலும் கவனம் தேவை. குழாயில் நிற்கும் ரத்தத்திலும் அணுக்கள் உயிரோடு இருந்து குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும்; மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும். சிவப்பணுக்கள் உடைந்துபோனால் அவற்றிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைக்கும். அதனால் ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் பிரித்துவிட வேண்டும். ‘மாதிரி உடைந்திருந்தது’ என்று ரிப்போர்ட்டில் எங்கேயாவது எழுதியிருந்தால் அந்த இன்சுலின் எண்ணை நம்பாதீர்கள்.

பையனுக்கு என்ன தொந்தரவு இருக்கும்? 25 சதவீதக் கரைசல் ரத்தத்தைவிட நாலு மடங்குக்கும் மேல் செறிவானது. போகும்போது கை சுடுவது போலவோ இழுப்பது போலவோ இருக்கலாம். உடம்பு முழுக்க ஒரு வெதுவெதுப்பு வந்து போகும். சிரைக்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகும். இந்தப் பரிசோதனையில் நான் உண்மையாகவே கவலைப்படுவது அது ஒன்றுக்குத்தான். ஆகவே குளுக்கோஸ் போகும் கேனுலா முழங்கை மடிப்பில் ஒரு நல்ல, பெரிய சிரையில் இருக்கட்டும். முதலில் உப்புக் கரைசல் விட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எரிகிறது என்று பையன் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். ‘அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ’ என்று யாரும் சொல்லக் கூடாது, நீங்களும்கூட. மறுநாள் சிரை சிவந்து கயிறு மாதிரி தடித்திருந்தால் காட்டுங்கள். எடுக்கும் ரத்தம் மொத்தமே இருபது முப்பது மில்லிக்குள் அடங்கும். இரண்டு லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடும் பையனுக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது ரிசல்ட். ஒன்றாம் நிமிட இன்சுலினையும் மூன்றாம் நிமிட இன்சுலினையும் கூட்டினால் வருவதுதான் முதல் கட்டச் சுரப்பின் எண். 70ம் 62ம் என்றால் 132. டைப் 1 நோயாளிகளின் உறவினர்களிடம் அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு பெரிய தடுப்பு ஆய்வில், 8 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு 100க்குக் கீழ் என்றால் குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இன்சுலினை அளக்கும் முறை லேபுக்கு லேப் மாறும். ஒரு லேபின் 100 இன்னொன்றில் 80 ஆக இருக்கலாம். அந்த மையம் தன் எல்லையாக எதை வைத்திருக்கிறது என்று கேளுங்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு வாரம் விட்டுச் செய்தாலே எண் கணிசமாக மாறுவது சகஜம். அதனால் ஒரு தடவை குறைவாக வந்ததை வைத்து யாராவது தீர்ப்பு எழுதினால், ‘இன்னொரு முறை பார்க்கலாமா?’ என்று கேட்கத் தயங்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. ஒல்லியாக, நாளெல்லாம் ஓடி விளையாடும் பிள்ளைக்குக் கொஞ்சம் இன்சுலினே போதும். அதனாலேயே அவன் எண் சின்னதாக இருக்கும். பருவம் எட்டும் வயதில் உடம்பு இன்சுலினை அவ்வளவாக மதிக்காது. அப்போது எண் பெரிதாகும். எண்ணை மட்டும் பார்க்காமல் பிள்ளையையும் பார்த்துப் படிக்க வேண்டிய ரிப்போர்ட் இது.

மோசமாக வந்தால் உடனே இன்சுலினா? இல்லை. இதைத் தயக்கமில்லாமல் சொல்ல முடிவதற்கு, சற்றுமுன் சொன்ன அதே ஆய்வுதான் காரணம். முதல் கட்டச் சுரப்பு குறைந்து, நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே சிறு அளவு இன்சுலின் போட்டுப் பார்த்தார்கள், கணையத்துக்கு ஓய்வு கிடைக்குமே என்று. 2002இல் முடிவு வந்தது: போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. இரு பக்கமும் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சர்க்கரை ஏறாத பிள்ளைக்கு இன்சுலின் போடுவதில் பயனில்லை என்று அவ்வளவு செலவழித்துத் தெரிந்துகொண்டோம்.

நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் கடிதத்தின் எல்லா வரியிலும் இருக்கிற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிரணுக்கள் உள்ள குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், பத்து ஆண்டுக்குள் சுமார் 70 சதவீதம் பேருக்கு டைப் 1 வந்தது. ஒரே ஓர் எதிரணு மட்டும் உள்ளவர்களுக்கு அது 15 சதவீதத்துக்குக் கீழ். உங்கள் மகன் முதல் கூட்டத்தில் இருக்கிறான். சர்க்கரை நார்மலாக இருந்தாலும் இரண்டு எதிரணுக்கள் இருந்தால் அதை டைப் 1இன் முதல் நிலை என்றே இன்று வகைப்படுத்துகிறோம். சர்க்கரை லேசாக ஏறத் தொடங்கினால் இரண்டாம் நிலை. அறிகுறியோடு வெளிப்பட்டால் மூன்றாம் நிலை. சிரைப் பரிசோதனை இந்த வழியில் அவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று கொஞ்சம் சொல்லும். எந்த மாதம், எந்த வருடம் என்று சொல்லாது. இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டானா என்பதை முடிவு செய்வதும் குடிக்கும் பரிசோதனையும் எச்பிஏ1சியும்தான். சிரைப் பரிசோதனை அல்ல. 8 வயதும் அதற்கு மேலும் ஆகி, இரண்டாம் நிலையில் இருப்பவர்களுக்கு நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போட டெப்லிசுமாப் என்ற மருந்தை அமெரிக்க மருந்து ஆணையம் 2022 நவம்பரில் அனுமதித்தது. அதன் ஆய்வில் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ, டாக்டர் சொல்லும் இடைவெளியிலோ அந்தச் சாதாரணப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்ற நிலை வந்தால், நான் குடிக்கும் பரிசோதனையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

சிரைப் பரிசோதனை வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அவன் சிகிச்சையில் எதுவும் கெட்டுப்போகாது. அந்த முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் டாக்டர் இதை ஆய்வின் ஒரு பகுதியாகச் செய்கிறாரா, எண்ணைத் தெரிந்துகொண்டால் அவர் வேறு என்ன செய்வார் என்று நேராகக் கேளுங்கள். ‘கண்காணிப்பை நெருக்கமாக்குவேன்’, ‘தடுப்பு ஆய்வில் சேரத் தகுதியா என்று பார்ப்பேன்’ என்றால் அவை நல்ல காரணங்கள். ‘சும்மா பார்த்து வைக்கலாம்’ என்றால் இரண்டு குத்துக்கு அது போதாது.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: எல்லைக்கோட்டில் சர்க்கரை இருக்கிறது, நானும் நரம்பில் ஏற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டு எழுதாதீர்கள். சர்க்கரை நோயைக் கண்டறிய இது பயன்படுவதில்லை. வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும், குளுக்கோஸ் தண்ணீர் குடித்தால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் முன்பெல்லாம் இதைச் செய்தார்கள். இன்று எச்பிஏ1சியும், வீட்டிலேயே சில நாள் சர்க்கரையைக் குறித்துவருவதும் அந்த வேலையைச் செய்துவிடும்.)

பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அவனுக்குத் தாகம் கூடினால், அடிக்கடி சிறுநீர் போனால், நிறுத்தியிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பினால், எடை குறைந்தால், அக்காவின் குளுக்கோமீட்டரில் அன்றே ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள். 200ஐத் தாண்டினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். முன்கூட்டித் தெரிந்து கவனித்துவரும் வீட்டுப் பிள்ளை, மயங்கி விழும் நிலையில் மருத்துவமனைக்கு வருவது அரிது. எதிரணுப் பரிசோதனையால் உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும் நிச்சயமான லாபம் இதுதான்.

கடைசியாக, அவனிடம் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லுங்கள். இரண்டு குத்து இருக்கும். வலிக்காமல் இருக்க ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் கிரீம் தடவுவார்கள் (அதைக் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு). பிறகு ஒரு கையில் தண்ணீர் மாதிரி ஒன்று மூன்று நிமிடம் போகும், சூடாக இருக்கும். மறு கையிலிருந்து ரத்தம் எடுக்கும்போது குத்து இல்லை. முடிந்ததும் சாப்பிடலாம், கிளம்புவதற்கு முன் அங்கேயே சாப்பிட வைத்துவிடுங்கள். ‘எனக்கும் அக்கா மாதிரி வருமா?’ என்று கேட்டான் என்றால் வராது என்று சொல்லாதீர்கள். வந்தாலும் வரலாம், அதனால்தான் முன்னாடியே பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு அது புரியும்.

முடிந்தால் அக்காவையும் கூட அழைத்துப் போங்கள். ஏழு வருடமாகத் தினம் ஊசி போட்டுக்கொள்பவள். எந்த இடத்தில் மூச்சை இழுத்து விட வேண்டும், எப்போது வேறு பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் உங்களையும் என்னையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் அவள் பேச்சைத்தான் கேட்பான்.